மழையில் லேப்டாப் கொண்டு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஒரு கூட்டம் வரும். ஐப்பசி அடைமழைக்கு இன்னொரு கூட்டம். தக்கலைப் பக்கம் லேப்டாப் சர்வீஸ் மேசை போட்டிருக்கும் எனக்கு வருடத்தில் இரண்டு சீசன். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நம் கன்னியாகுமரிக்குத் தென்மேற்கும் சரியாகப் பெய்யும்.

வருகிறவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். சிலர் நனைவதற்கு முன்னால் கேட்பார்கள், பலர் நனைந்த பிறகு. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

போனை எல்லாம் தண்ணியில முக்கி எடுக்காவளே. லேப்டாப்புல ரெண்டு சொட்டு பட்டா மட்டும் என்ன?

போனின் மூடியைப் பசை வைத்து ஒட்டி, ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம் போட்டு அடைக்கிறார்கள். லேப்டாப்பை அப்படி அடைக்க முடியாது. உள்ளே சூடு அதிகம். விசிறி காற்றை இழுத்து வெளியே தள்ள வேண்டும். அதனால் அடியில் சல்லடை, பக்கத்தில் சல்லடை, கீபோர்டு முழுக்க இடுக்கு. காற்று போகிற வழியெல்லாம் தண்ணீருக்கும் வழிதான்.

சில மாடல்களில் கீபோர்டில் கொட்டினால் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். கீபோர்டுக்கு அடியில் ஒரு தட்டும், தண்ணீர் வழிந்து ஓட ஓட்டையும் இருக்கும். மேசையில் கால் டம்ளர் தண்ணீர் கவிழ்ந்தால் மெஷினை அணைக்க அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். பேக்குக்குள் அரைமணி நேரம் ஊறுவதற்கு அந்த ஏற்பாடு உதவாது.

எனக்க பேக்குல "வாட்டர்புரூஃப்"னு எழுதியிருக்கு. பெறவு எதுக்கு தனியா கவர்?

துணியைப் பற்றி எழுதியிருப்பார்கள். துணி உண்மையிலேயே தண்ணீர் விடாமல் இருக்கலாம். உள்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், புதிதில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டு ஓடும். ஆனால் பேக் என்பது துணி மட்டுமா? ஜிப் இருக்கிறது, தையல் இருக்கிறது, ஒவ்வொரு தையலிலும் ஊசி போட்ட ஓட்டை இருக்கிறது. கைப்பிடி தைத்த இடமும் தோள்வார் சேரும் இடமும் இழுபட்டு இழுபட்டு ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். இரண்டு வருடத்தில் உள்பூச்சு சருகு மாதிரி உரியும். பழைய பேக்கை உள்ளே தடவிப் பாருங்கள், கையில் வெள்ளையாகத் தூள் ஒட்டினால் அதன் காலம் முடிந்தது.

சாதாரணத் தூறலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீசுக்கு ஓட அந்த பேக் போதும். பைக்கில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மழை விழுவதில்லை, அறைகிறது. அந்த அடியில் நின்ற இடத்தில் நனையாத துணியும் கசியும்.

மேல ரெயின் கவர் மாட்டித்தான் வந்தேன். முதுகுப் பக்கம் மட்டும் எப்படி சொதசொதன்னு நனைஞ்சுது?

ரப்பர் தோட்டம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மழைக்காலத்தில் பால் வெட்டுகிற இடத்துக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பாலித்தீன் பாவாடை கட்டி, பசை வைத்து ஒட்டுவார்கள். வானத்திலிருந்து விழும் மழையை விட, மரத்தின் உடம்போடு வழிந்து வரும் தண்ணீர்தான் அங்கே தொந்தரவு. அது வெட்டுப்பட்டையில் இறங்கிச் சிரட்டைக்குள் போய்ப் பாலைக் கெடுத்துவிடும்.

நீங்களும் அந்த மரம்தான். ஹெல்மெட்டின் பின்விளிம்பு, பிடரி, சட்டைக் காலர் வழியாக இறங்கும் தண்ணீர் நேராக முதுகுக்கும் பேக்குக்கும் நடுவே போகிறது. ரெயின் கவர் பேக்கின் வெளிப்பக்கத்தை மட்டும் மூடும். முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். லேப்டாப் அறையைப் பெரும்பாலான பேக்குகளில் எங்கே தைத்திருக்கிறார்கள்? அதே முதுகுப் பக்கத்தில்.

போதாக்குறைக்கு, கவரின் அடியில் வழிந்த தண்ணீர் தேங்கி ஒரு பை மாதிரி தொங்கும். சில கவர்களில் அடியில் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். அதைக் கிழிசல் என்று நினைத்து டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தார் ஒருவர்.

அப்போ லேப்டாப்பை எதுலதான் பொதியணும்? சும்மா பாலித்தீன் கவர் போதுமா?

போதும். பேக்கை நம்பாமல் லேப்டாப்பைத் தனியாகப் பொதிவதுதான் விஷயம். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள் செல்போனை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று பாருங்கள்: ஒரு பாலித்தீன் கவர், வாயை முறுக்கி ஒரு ரப்பர் பேண்ட். கடல் தண்ணீருக்கே அது தாங்குகிறது.

15.6 அங்குல லேப்டாப் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் நீளம், 24 அகலம் இருக்கும். வாயை இரண்டு மூன்று மடிப்பு மடிக்க மேலே ஒரு சாண் மிச்சம் வருகிற மாதிரி தடித்த கவராக வாங்குங்கள். உரச்சாக்குக்குள் இருக்கும் பாலித்தீன் உறை நல்ல தடிமன்தான்; ஆனால் உப்பும் உரத்தூளும் ஒட்டியிருக்கும், அது லேப்டாப்புக்கு ஆகாது. புது கவரே வாங்கலாம், ஒரு சாயா வடை விலைதான். ஜிப் வைத்த கவர் என்றால் ஜிப்பில் மணல் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிக்கினால் மூடியது போலத் தெரியும், மூடியிருக்காது.

காசு செலவழிக்கத் தயார் என்றால் வாயைச் சுருட்டி மூடும் டிரை பேக் வாங்குங்கள். சுருட்டு மூன்று சுற்றுக்குக் குறையக் கூடாது. உள்ளே பொருளை அடைத்துவிட்டு ஒரே மடிப்பில் கிளிப் மாட்டுகிறவர்கள் வீணாகத்தான் காசு கொடுத்தார்கள்.

ஸ்பாஞ்ச் ஸ்லீவ் போட்டு வச்சிருக்கேன். அது பத்தாதா?

அது இடிபடாமல் இருக்க. அதன் மேல்துணியில் ஏறிய ஈரம் லேப்டாப்பை ஈரத்துணி போலச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். ஸ்லீவோடு சேர்த்துக் கவருக்குள் போடுங்கள், கவரை ஸ்லீவுக்குள் போடாதீர்கள்.

பேக்கு நனையுமா நனையாதான்னு வீட்டுல எப்படிப் பாக்கது?

பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பேக்கின் எல்லா அறைகளிலும் நிரப்புங்கள். ரெயின் கவர் இருந்தால் மாட்டுங்கள். யாராவது ஒருவர் அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நிற்கட்டும். ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தால் முதுகுப் பக்கக் கசிவு தெரியாது. பிறகு தாளை ஒவ்வொன்றாக எடுத்தால் எந்த மூலையில் ஈரம் என்று அதுவே காட்டும். நான் பார்த்தவரையில் முதலில் நனைவது மேல் ஜிப்பின் இரண்டு முனைகளும் கைப்பிடியின் அடியும்.

கான்வாஸ் பேக் என்றால் அந்தத் தையல்கள் மேல் தேன்மெழுகு தேய்த்து, கொஞ்சம் சூடு காட்டி இறக்கலாம். மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகு கிடைக்கும். முழுக்க அடைக்காது, கசிவைக் குறைக்கும். பாலித்தீன் கவரைச் சோதிக்க இன்னும் சுலபம்: உள்ளே டிஷ்யூ பேப்பர் போட்டு மூடி வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை.

பைக்குல போகும்ப முதுகுல மாட்டணுமா, முன்னால வைக்கணுமா?

முதுகில். ஸ்கூட்டரின் கால் பலகையில் வைத்தால் மழையை விட முன்சக்கரம் தெறிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் அதிகம், அது கீழேயிருந்து வரும். டேங்க் மேல் வைத்தால் ஹேண்டில் திருப்பும்போது இடிக்கும். சீட்டுக்கு அடியில் வைக்கலாமே என்பார்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 15 அங்குலம் நுழையாது, நுழைந்தாலும் எஞ்சின் சூடு.

பேக்கை முதலில் மாட்டி, அதற்கு மேலே பெரிய அளவு மழைக்கோட்டைப் போடுங்கள். கூன் விழுந்தவர் மாதிரி தெரியும், பரவாயில்லை. கோட்டுக்கு மேலே பேக்கை மாட்டினால் ரப்பர் மரக் கதைதான். கோட்டின் நுனி பின்சக்கரப் பக்கம் பறக்காமல் அடக்கி உட்காருங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை ஓட்டுகிற காற்று கோட்டைச் சும்மா விடாது. உண்மையைச் சொன்னால் கொட்டுகிற மழையில் ஒரு கடைத் திண்ணையில் இருபது நிமிடம் ஒதுங்கி நிற்பதற்கு ஈடான கவர் எதுவும் இல்லை.

நான் டெய்லி திருவனந்தபுரத்துக்கு ரயில்ல போறேன். ரயிலுக்குள்ள என்ன பயம்?

நாகர்கோவில், இரணியல், குழித்துறை என்று காலையில் ஏறும் கூட்டத்தில் நிறைய பேர் ஐடி வேலைக்காரர்கள், எல்லார் முதுகிலும் லேப்டாப். மழைநாளில் மேல் ராக்கைப் பாருங்கள். பேக்குகளுக்கு நடுவே நனைந்த குடைகளைச் செருகி வைத்திருப்பார்கள். அந்தக் குடை பாறசாலை தாண்டும் வரை சொட்டும். யாருடைய பேக் மேல் என்று சொட்டுக்குத் தெரியாது.

பஸ்ஸில் வேறு மாதிரி. உட்கார இடமில்லை என்று பேக்கைக் காலடியில் வைப்பீர்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரோடு ஏறி இறங்கிப் போகும்; ஷட்டர் வழியாக உள்ளே வந்த மழைத்தண்ணீர் ஏற்றத்தில் பின்னால் ஓடும், இறக்கத்தில் முன்னால் ஓடும். பேக்கின் அடி நனைந்தது இறங்கிய பிறகுதான் தெரியும். லேப்டாப் அறை அடிவரை தைத்த பேக் என்றால் உள்ளே அடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டு வையுங்கள். மடியில் வைத்துக்கொள்ள முடிந்தால் அதுதான் நல்லது.

மழையே பெய்யல்ல அண்ணே. ஆனா பேக்குக்குள்ள ஈரம். இது எங்கேயிருந்து?

தண்ணீர் பாட்டில். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் என் மேசைக்கு வருகிற நனைந்த லேப்டாப்புகளில் மழையால் நனைந்தவையும் பாட்டிலால் நனைந்தவையும் போட்டி போடும். சரியாகத் திருகாத மூடி, வெடிப்பு விட்ட ரப்பர் வாஷர், பேக்கைப் படுக்க வைத்தது, முடிந்தது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு: நல்ல வாட்டர்புரூஃப் பேக் என்றால் உள்ளே கொட்டிய தண்ணீர் வெளியேயும் போகாது. லேப்டாப் குளத்தில் நிற்பது மாதிரி நிற்கும்.

அடுத்தது சாப்பாட்டுப் பாத்திரம். ஒரு கல்லூரிப் பெண் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்தேன். விசிறியின் இதழ்களில் மஞ்சளாக எண்ணெய்ப் படலம். எண்டர் பட்டனைக் கழற்றினால் அடியில் ஒரு கடுகு. மீன் குழம்பு மணம் மூன்று நாள் மேசையை விட்டுப் போகவில்லை. "தண்ணி படவே இல்ல அண்ணே" என்றுதான் அந்தப் பெண் சொன்னார், அதுவும் உண்மைதான்.

பாட்டில் பேக்கின் வெளிப்பையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். சோற்றுப் பாத்திரம் தனிப்பையில். நனைந்த குடையையும் மழைக்கோட்டையும் சுருட்டி லேப்டாப் இருக்கிற பேக்குக்குள்ளேயே திணிக்கிறவர்களுக்கு என்ன சொல்ல? அதற்கு நேராக மழையிலேயே நின்றிருக்கலாம்.

மூடி வச்சா தூங்கப் போயிரும்லா. அப்படியே எடுத்துட்டுப் போலாமா, இல்ல ஷட் டவுன் பண்ணணுமா?

மழைக்காலத்தில் ஷட் டவுன். ஸ்லீப்பில் இருக்கும்போது உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரால் மட்டும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு சீக்கிரம் கெடாது. தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே அரிப்பு வேகமாக நடக்கும். அணைத்த மெஷினிலும் பேட்டரியிலிருந்து சில இடங்களுக்குக் கொஞ்சம் கரண்ட் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஸ்லீப்புக்கும் அதற்கும் வித்தியாசம் அதிகம்.

இன்னொன்று, மூடிய பாலித்தீனுக்குள் ஸ்லீப்பிலிருந்து தானாக விழித்துக்கொண்டால் சூடு வெளியேற வழியில்லை. அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு பொதியுங்கள்.

செருப்பு டப்பாவுல வருமே, அந்த வெள்ளைப் பாக்கெட். அதைப் போட்டு வச்சா போதும்லா?

சிலிக்கா ஜெல். மூடிய கவருக்குள் இருக்கும் காற்றின் ஈரத்தை இழுக்க அது நல்லது. கசிந்த தண்ணீரைக் குடிக்க அது போதாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் அது பிடிக்கும். பத்து கிராம் பாக்கெட் என்றால் ஒரு தேக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை. திறந்து கிடக்கும் பேக்கில் போட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரத்திலேயே ஒன்றிரண்டு நாளில் நிறைந்துவிடும். நிறம் மாறுகிற வகை வாங்கினால் எப்போது நிறைந்தது என்று தெரியும்.

கவரில் போட்டு மாதக்கணக்கில் மூடியே வைப்பதும் வேண்டாம். ஆடி மாதத்தில் அலமாரிக்குள் தோல்பை பூஞ்சணம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஈரத்தோடு மூடினால் லேப்டாப்புக்கும் அதே கதி. வீட்டுக்கு வந்ததும் எடுத்து வெளியே வையுங்கள்.

பெங்களூருல இருந்து ஏசி பஸ்ல வந்து இறங்கினேன். பேக்கும் நனையல்ல, பாட்டிலும் இல்ல. திறந்தா ஸ்கிரீன்ல பனி மாதிரி இருக்கு.

ராத்திரி முழுக்க குளிரில் இருந்த லேப்டாப் விடியற்காலை நாகர்கோவில் காற்றில் வந்து திறந்தால், ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குகிற மாதிரி மங்கும். வெளியே தெரிவது உள்ளேயும் நடந்திருக்கும். திறக்காமல் பேக்குக்குள்ளேயே அரைமணி, முக்கால் மணி நேரம் விடுங்கள். மெஷின் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் எதுவும் ஆகாது. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் சரியாகிவிடும்.

எங்க வீடு குளச்சல் கடற்கரையில. மழை படாமலே துருப்பிடிக்குதே?

கடல் காற்றில் உப்பு நுண்துளியாக வருகிறது. முட்டம், குளச்சல், மணக்குடி என்று கரையோரம் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப்பில் அது முதலில் தெரிவது யூஎஸ்பி ஓட்டையிலும் சார்ஜர் ஓட்டையிலும். விசிறி வேறு அந்தக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

கடல் பார்த்த ஜன்னலோரம் வைத்து வேலை செய்ய வேண்டாம். வேலை முடிந்ததும் லேசாக ஈரமான மெல்லிய துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். பயன்படுத்தாமல் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தினம் ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டும். வருடம் ஒரு முறை திறந்து சுத்தம் செய்வது கரையோரத்துக்காரர்களுக்கு அவசியம். எனக்கு வேலை வர வேண்டும் என்று சொல்லவில்லை.

விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகும்போது லேப்டாப் பேக்கோடு ஏறுகிறவர்களும் உண்டு. தெறிப்பது கடல் தண்ணீர். ரூமிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

நனைஞ்சு போச்சு. முதல்ல என்ன செய்யணும்?

பவர் பட்டனை ஆன் பண்ண அழுத்தாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால், ஃபைலை சேவ் பண்ணக்கூட நிற்காமல் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். சார்ஜர் செருகியிருந்தால் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பிடுங்க வேண்டும், அதுவும் உலர்ந்த கையால். கழற்றுகிற பேட்டரி என்றால் கழற்றுங்கள். பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

வெளியே துடைத்த பிறகு, திறந்து, கீபோர்டு கீழே பார்க்கிற மாதிரி ஓட்டுக்கூரை போல ஒரு துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஆட்டாதீர்கள், குலுக்காதீர்கள், தண்ணீர் இதுவரை போகாத இடத்துக்கும் போய்விடும். ஃபேன் காற்று படட்டும். ஹேர் டிரையர் வேண்டாம், மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போங்கள்.

அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சேன். ரெண்டு நாள் ஆச்சு.

அரிசிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கழுவி உலை வைக்கலாம். லேப்டாப்புக்கு நன்மை இல்லை. தண்ணீர் இருப்பது சில்லுகளுக்கு அடியில், தலைமுடி நுழையாத இடுக்கில். பானையில் கிடக்கும் அரிசி அதை எட்டி இழுக்காது. ஃபேன் காற்று அரிசியை விட நன்றாகவே உலர்த்தும். அரிசி மாவுத்தூசி விசிறியில் போய்ப் பசை போலப் பிடித்ததுதான் மிச்சம். அந்த இரண்டு நாளும் பேட்டரி இணைப்போடு இருந்தது என்பதுதான் எனக்குக் கவலை.

ஆன் பண்ணிப் பாத்தேன், நல்லா ஓடுது. இனி பிரச்சனை இல்லல்லா?

உள்ளே என்ன விழுந்தது என்பதைப் பொறுத்தது. மழைத்தண்ணீர் கொஞ்சம் பட்டு நன்றாக உலர்ந்திருந்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் காய்ந்த பிறகு வெள்ளைத் தடம் விடும். கருப்பட்டிக் காப்பி காய்ந்தால் பசை, பட்டன்கள் ஒவ்வொன்றாக ஒட்டும். பால் சாயா என்றால் நாற்றம் கூடுதல்.

எல்லாவற்றிலும் மோசம் கடல் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த மழைநாளில் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடியும் நனையும். உலர்த்துவது மட்டும் போதாது, பேட்டரியைக் கழற்றிவிட்டு போர்டைக் கழுவியே ஆக வேண்டும். நாங்கள் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் தேய்ப்போம். வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், அது சட்டென்று தீப்பிடிக்கும்.

டச்பேட் மேலே எழும்பி வந்தாலோ, அடிப்பக்கம் உப்பினாலோ, இனிப்பான ஒரு கெமிக்கல் வாடை வந்தாலோ பேட்டரி கெட்டுவிட்டது. சார்ஜ் போடாமல், குத்தாமல், எரியக்கூடிய பொருள் இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள்.

லேப்டாப் போனாலும் போகட்டும். உள்ள இருக்க புராஜெக்ட் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி தனியாகத் திருகி வைத்த மாடல் என்றால் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்க்கலாம். சில மெல்லிய மாடல்களில் அதையே போர்டில் ஒட்டியிருப்பார்கள், அங்கே போர்டு உயிரோடு வந்தால்தான் ஃபைல்.

மாட்டிய பிறகு பலர் திகைக்கிற இடம் ஒன்று உண்டு. புது விண்டோஸ் மெஷின்களில் பிட்லாக்கர் என்று, ஃபைல்களை வேறு யாரும் படிக்க முடியாதபடி அடைக்கும் ஒரு பூட்டு பெரும்பாலும் தானாகவே போட்டிருக்கும். வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தால் இருக்கும், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருந்தால். இன்றைக்கே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அந்த எண் இல்லாமல் நானும் திறக்க முடியாது, வேறு யாராலும் முடியாது.

வாரண்டி இருக்கு. தண்ணி பட்டதைச் சொல்லாம குடுத்தா மாத்தித் தருவாவளா?

தெரிந்துவிடும். பல மாடல்களில் உள்ளே சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தண்ணீர் பட்டால் சிவக்கும். ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் தடம் பேசும், மேலே சொன்ன கடுகு மாதிரி. சாதாரண வாரண்டியில் தண்ணீர்ச் சேதம் வராது. தனியாகக் காசு கட்டி எடுக்கும் விபத்துச் சேதத் திட்டத்தில் வரலாம், வாங்கும்போதே அந்தத் தாளைப் படியுங்கள். என்னிடம் வருகிறவர்கள் தயவுசெய்து என்ன கொட்டியது என்று மறைக்காமல் சொல்லுங்கள். மழையா மோரா என்று தெரிந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டுக்குள்ளயே வெள்ளம் வந்தா?

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோதும், 2021 நவம்பரிலும், 2023 டிசம்பர் 17, 18 மழையிலும் வெள்ளத்துக்குத் தப்பிய லேப்டாப்புகள் பரணில் இருந்தவை. கட்டிலுக்கு அடியில் பேக்கோடு வைத்தவை என் மேசைக்கு வந்தன. எச்சரிக்கை வந்தால் அணைத்து, பொதிந்து, மேலே ஏற்றுங்கள். ஓடு ஒழுகும் வீடு என்றால் மூடி இறுகும் காலி பெயிண்ட் வாளி நல்லது. 14 அங்குலம் செங்குத்தாக நிற்கும் வாளி கிடைக்கும், 15.6 என்றால் அளந்து பாருங்கள். சார்ஜரைத் தனிக் கவரில் போட்டு அதே வாளியில் வையுங்கள். சார்ஜர் நனைந்திருந்தால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் செருக வேண்டாம், அது நேராக 230 வோல்ட்டில் வேலை செய்கிற பொருள்.

நனைஞ்சு மூணு மாசம் ஆச்சு அண்ணே. அன்னைக்கு காய வச்சு ஆன் பண்ணேன், நல்லாத்தான் ஓடிச்சு. இப்பம் சார்ஜ் ஏறல்ல. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கிறது. இந்தக் கேள்வியோடு வந்த மெஷின் இதை எழுதும்போது என் முன்னால் திறந்து கிடக்கிறது. சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் பாசி பிடித்த செம்புப் பானை மாதிரி பச்சைப் பூத்திருக்கிறது. பிரஷ்ஷால் தள்ளினால் பச்சையோடு சேர்ந்து கீழே இருந்த செம்புக் கோடும் உதிர்ந்து வருகிறது. முதல் நாள் அது வெறும் ஈரம். பிறகு ஒவ்வொரு முறை சார்ஜ் போட்டபோதும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது.

அன்றைக்கே திறந்திருந்தால் அரைமணி நேரக் கழுவல் வேலை. இப்போது உதிர்ந்த கோட்டுக்குப் பதிலாகத் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டலாம். வியாழக்கிழமை வந்து பாருங்கள்.